‘மூணு டன் வண்டிதானே?’

கேள்வி:

ஐயா, நான்கு வருடமாக ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எங்களுடையது 3 டன் எலக்ட்ரிக் வண்டி. சென்ற வாரம் மரப்பெட்டியில் அடைத்த ஒரு இயந்திரம் வந்தது. எடை 2,200 கிலோ. பெட்டி 1.8 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அதை 4 மீட்டர் உயரத்தில் உள்ள மேல்தளத்தில் வைக்கச் சொன்னார்கள். குறுகலான பக்கத்தில் ஃபோர்க்கை நுழைத்துத் தூக்கினேன். தரையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஸ்டீயரிங் மட்டும் கொஞ்சம் லேசாக இருந்தது. மேலே கொண்டுபோய் இறக்குவதற்காக மாஸ்டை (ஃபோர்க் ஏறி இறங்கும் முன்தூணை) முன்னால் சாய்த்ததும் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. பதறிப்போய் மாஸ்டைப் பின்னுக்கு இழுத்துப் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டேன்.

சூப்பர்வைசரோ, “மூணு டன் வண்டிதானே? ரெண்டேகால் டன்கூட இல்லாத பெட்டிக்குப் போய் பயப்படறியே. பின்னாடி ரெண்டு பேரை நிக்க வெச்சுத் தூக்கு” என்கிறார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். யார் சொல்வது சரி? எங்களைப் போன்றவர்கள் பெரிய கணக்குப் போடாமல், ஒரு லோடைத் தூக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டா? வண்டியின் பிளேட்டில் உள்ளதைத் தனியே எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: வண்டிக்கு லித்தியம் பேட்டரி மாற்றப்போகிறார்களாம். அதனால் தூக்கும் திறன் மாறுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, நீங்கள் மறுத்தது சரி. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் சூப்பர்வைசரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வகுப்பில் உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, “உங்கள் வண்டி எவ்வளவு தூக்கும்?” என்பது. பத்து வருடம் ஓட்டியவர்கூட, “இரண்டரை டன்”, “மூன்று டன்” என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருவார். “எவ்வளவு உயரத்துக்கு? எவ்வளவு நீளப் பெட்டி?” என்று என்னையே திருப்பிக் கேட்பவர் எப்போதாவது ஒருவர்தான். அந்த ஒருவருக்கு நான் பாதி மதிப்பெண்ணை அங்கேயே கொடுத்துவிடுவேன்.

வண்டியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கிறதே 30 என்று, அது மாடலின் பெயர். பல கம்பெனிகள் தூக்கும் திறனை வைத்துத்தான் மாடலுக்குப் பெயர் வைக்கின்றன என்பது உண்மை. ஆனால் எந்த நிலையில் 3 டன் என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது ஆபரேட்டர் சீட்டுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் கிரீஸும் தூசியும் படிந்து, யாரும் படிக்காமல் கிடக்கும் அந்தச் சின்ன கெப்பாசிட்டி பிளேட்.

நீங்கள் எழுதி அனுப்பிய விவரம் இது: லோடு சென்டர் 500 மி.மீ., சைடு ஷிஃப்ட்டர் (ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் இணைப்பு) பொருத்தியது, 3 மீட்டர் உயரம் வரை 3,000 கிலோ, 4.5 மீட்டரில் 2,400 கிலோ. பாருங்கள், நான்கு மீட்டர் உயரத்துக்கு உங்களிடம் 3 டன் வண்டியே கிடையாது. பிளேட்டில் 3 மீட்டருக்கு ஒரு வரி, 4.5 மீட்டருக்கு ஒரு வரி இருக்கிறது. நடுவில் உள்ள 4 மீட்டருக்கு எதை எடுப்பது? எப்போதும் அடுத்த உயரத்தின் வரியைத்தான். நடுவில் ஒரு எண்ணை நாமாக ஊகிக்கக் கூடாது. ஆக, உங்கள் மேல்தளத்துக்கு 2,400 கிலோ. அதுவும் லோடு சென்டர் 500 மி.மீ. ஆக இருந்தால் மட்டும்.

எல்லாக் குழப்பமும் இந்த லோடு சென்டரில்தான் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஃபோர்க்லிஃப்ட் என்பது சக்கரம் வைத்த ஒரு நெம்புகோல். முன் சக்கரங்களின் ஆக்ஸில்தான் தாங்குபுள்ளி. அதற்கு ஒரு பக்கம் லோடு, இன்னொரு பக்கம் வண்டியின் உடலும் பேட்டரியும், லோடைச் சமன் செய்யப் பின்னால் வைத்திருக்கும் கவுண்டர் வெயிட் என்ற எடைக்கட்டியும். பின்பக்கத்தின் எடை மாறாது, அது இருக்கும் தூரமும் மாறாது. முன்பக்கத்தில் இரண்டும் மாறும். லோடின் கிலோவும் மாறும், அது முன் ஆக்ஸிலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் மாறும். வண்டியைக் கவிழ்ப்பது இந்த இரண்டையும் பெருக்கி வரும் தொகை. ஆபரேட்டர்கள் கிலோவை மட்டும் கேட்டுக்கொண்டு போவதால்தான் விபத்து நடக்கிறது.

லோடு சென்டர் என்பது ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து லோடின் எடை மையம் வரை உள்ள தூரம். பெட்டிக்குள் எடை சீராகப் பரவியிருந்தால், பெட்டியின் ஆழத்தில் பாதி. ஆழம் என்று நான் சொல்வது ஃபோர்க் நுழையும் திசையில் உள்ள அளவை. ஒரு மீட்டர் ஆழமுள்ள பேலட்டை ஃபோர்க்கின் முகத்தோடு ஒட்டி எடுத்தால் சென்டர் 500 மி.மீ. நீங்கள் பெட்டியின் குறுகலான பக்கத்தில் நுழைத்ததால், ஆழம் 1.8 மீட்டர். பாதி 900 மி.மீ. பிளேட் 500க்குப் பேசுகிறது, உங்கள் பெட்டி 900இல் நிற்கிறது.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. போன் கால்குலேட்டர் போதும். பிளேட்டில் உள்ள கிலோவை பிளேட்டில் உள்ள சென்டரால் பெருக்கி, உங்கள் லோடின் சென்டரால் வகுக்க வேண்டும். 2,400 × 500 ÷ 900. விடை 1,333 கிலோ. தரைமட்டத்துக்கு அருகில் என்றாலும் 3,000 × 500 ÷ 900, அதாவது 1,667 கிலோதான். பெட்டி 2,200 கிலோ.

இந்தக் கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமானது, அதையும் சொல்லிவிடுகிறேன். தாங்குபுள்ளி ஃபோர்க்கின் முகத்தில் இல்லை, அதற்குப் பின்னால் முன் ஆக்ஸிலில் இருக்கிறது. அந்த இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை சற்றுக் கூடுதலாக வரும். உங்கள் அளவு வண்டிகளில் அந்த இடைவெளி பெரும்பாலும் 45, 50 செ.மீ. இருக்கும். 48 என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். தரையருகே 2,130 கிலோ, மேல்தளத்தின் உயரத்தில் 1,704 கிலோ. ஆக, உங்கள் பெட்டி தரையிலேயே வரம்பைச் சற்றுத் தாண்டியிருந்தது. மேலே போனபோது வரம்பை ஏறக்குறைய 500 கிலோ தாண்டியிருந்தது. ஆனால் இந்த இரண்டாவது கணக்கு நடந்ததை விளங்கிக்கொள்வதற்கு மட்டும். வேலையிடத்தில் முதல் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், அது தவறினாலும் உங்களைக் காப்பாற்றும் பக்கமாகத்தான் தவறும். அதன்படி முடியாது என்று வந்து, வேலையோ தவிர்க்க முடியாதது என்றால், வண்டி தயாரித்தவரிடம் அந்தச் சென்டருக்கான திறனை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் தருவார்கள்.

கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள். “என் லோடின் சென்டர் 400தான், அப்படியானால் 3,000 × 500 ÷ 400, 3,750 கிலோ தூக்கலாமே” என்று ஒருவர் என்னிடம் வகுப்பிலேயே வாதிட்டார். கூடாது. சென்டர் குறைந்தால் வண்டி கவிழாமல் இருக்கலாம், ஆனால் ஃபோர்க், செயின், மாஸ்ட், முன் ஆக்ஸில் ஆகியவற்றுக்கும் வரம்பு உண்டு. பிளேட்டில் உள்ள எண் உச்சவரம்பு. சென்டர் கூடினால் எண் குறையும், சென்டர் குறைந்தால் எண் அப்படியே நிற்கும்.

சரி, அதே பெட்டி தரையில் அசையாமல் வந்தது, மேலே போய் ஏன் ஆடியது? மாஸ்டை முன்னால் சாய்த்தீர்கள் அல்லவா, விஷயம் அங்கேதான் இருக்கிறது. மாஸ்டின் கீல் வண்டியின் அடியில் இருக்கிறது. கீழே 5 டிகிரி சாய்த்தால் லோடு சில செ.மீ. மட்டும் முன்னால் போகும். 4 மீட்டர் உயரத்தில் அதே 5 டிகிரி சாய்த்தால் ஏறக்குறைய 35 செ.மீ. முன்னால் போய்விடும். உங்கள் 900 மி.மீ. சென்டர் ஒரு நொடியில் 1,250 ஆகிவிட்டது. போதாததற்கு, அவ்வளவு எடையோடு மாஸ்டும் சற்று முன்னோக்கி வளையும். நீங்கள் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றியது நல்ல காலம். உயரத்தில் முன்சாய்வு என்பது லோடு இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலே வந்தபிறகு, இறக்குவதற்குத் தேவையான அளவு மட்டும், அதுவும் மெதுவாக.

இங்கே ஒரு தகவல். இந்த வகை வண்டிகளைச் சந்தைக்கு விடும் முன் சாய்மேடையில் ஏற்றிச் சோதிப்பார்கள். ஐஎஸ்ஓ 22915 என்ற சர்வதேசத் தரநிலை அதற்கான முறையைச் சொல்கிறது. 5 டன்னுக்குக் குறைவான வண்டி, முழு லோடை முழு உயரத்துக்குத் தூக்கி நிற்கும் நிலையில், முன்பக்கமாக எவ்வளவு சாய்வைத் தாங்க வேண்டும் தெரியுமா? 4 சதவீதம். ஒரு மீட்டருக்கு 4 செ.மீ. இறக்கம். அவ்வளவுதான். பிளேட்டின் எண்ணுக்கு மேல் “கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பார்கள்” என்று பலர் நம்பும் அந்தக் கூடுதல், தரையில் உள்ள மேடுபள்ளத்துக்கும் பிரேக் பிடிக்கும்போது வரும் உந்தலுக்கும் விட்டு வைத்தது. அதில் நாம் கை வைத்தால், பிறகு ஒரு சின்னப் பள்ளம் போதும்.

ஸ்டீயரிங் லேசாக இருந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னைக் கொஞ்சம் உலுக்கிய வரி அதுதான். இந்த வண்டியைத் திருப்புவது பின் சக்கரங்கள். அவை தரையை எவ்வளவு அழுத்துகின்றனவோ அவ்வளவுதான் உங்கள் கட்டுப்பாடு. லேசாகிவிட்டது என்றால் வண்டி ‘இது என்னால் ஆகாது’ என்று உங்களிடம் சொல்லிவிட்டது. அந்த இடத்திலேயே, லோடு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போதே, இறக்கி வைத்துவிட வேண்டும். ஆனால் இதை எடை போடும் தராசாகவும் பயன்படுத்தாதீர்கள். “தூக்கிப் பார்ப்போம், பின்னால் எழும்பவில்லை என்றால் சரி” என்பது பல இடங்களில் நடக்கும் பழக்கம். கீழே எழும்பாதது மேலே எழும்பும், நிற்கும்போது எழும்பாதது பிரேக்கில் எழும்பும். உங்களுக்கே நடந்ததுதான். அதேபோல ஹைட்ராலிக் தூக்கிவிட்டது என்பதாலும் ஒன்றும் நிரூபணமாகவில்லை. பம்புக்குத் தூக்கத் தெரியும், வண்டி நிற்குமா என்பது பம்புக்குத் தெரியாது.

இனி அந்த இரண்டு ஆட்கள். சூப்பர்வைசர் சொன்னது வேலை செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன், ஆபத்தே அது ஓரளவு வேலை செய்வதில்தான் இருக்கிறது. இரண்டு பேர், 140 கிலோ, முன் ஆக்ஸிலிலிருந்து சுமார் 2.3 மீட்டர் பின்னால். உங்கள் பெட்டியின் இடத்தில் அது ஏறக்குறைய 230 கிலோவைச் சமன் செய்யும். வண்டி சாதுவாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் சுமை முழுவதையும் ஃபோர்க்கும் செயினும் முன் ஆக்ஸிலும் தாங்குகின்றன, யாரும் அவற்றைக் கேட்கவில்லை. அப்புறம், ஆட்கள் உட்கார இடமும் பிடியும் இல்லாத இடத்தில் நிற்கிறார்கள். நான் பயிற்சியாளர் ஆவதற்கு முன் வேலை பார்த்த ஒரு யார்டில் இதை நேரில் பார்த்தேன். இரும்புத் தகடுக் கட்டு ஒன்றைத் தூக்க, உதவியாளர்கள் இரண்டு பேர் கவுண்டர் வெயிட் மேல் ஏறினார்கள். ஃபோர்க்கின் நுனியில் கட்டு வழுக்கி இறங்கியது. முன்பக்கம் திடீரென்று காலியானதும் தூக்கியிருந்த பின்பக்கம் தடால் என்று தரையில் அடித்தது. ஒருவர் தூக்கி எறியப்பட்டு, கணுக்கால் நொறுங்கி, எட்டு மாதம் வீட்டில் இருந்தார். லோடு கவிழ்ந்தால் முன்னால் இருப்பவருக்கு ஆபத்து என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆளாக இருந்தாலும் சரி, இரும்புக் கட்டியாக இருந்தாலும் சரி, தயாரித்தவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் கவுண்டர் வெயிட்டில் எதையும் கூட்டக் கூடாது.

அப்படியானால் பெட்டியை எப்படி மேலே ஏற்றுவது? பல சமயம் விடை வேறு வண்டி இல்லை, வேறு பக்கம். பெட்டியின் நீளமான பக்கத்தில் ஃபோர்க்கை நுழைத்தால் ஆழம் 1 மீட்டர், சென்டர் 500. அப்போது பிளேட்டின் 2,400 கிலோ அப்படியே பொருந்தும், பெட்டி 2,200. முடியும் போலத் தெரிகிறது. ‘போல’ என்று நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் அந்த 2,200 எதன் எடை? ஆவணத்தில் நிகர எடை, மொத்த எடை என்று இரண்டு இருக்கும். நிகர எடை என்றால் இயந்திரம் மட்டும். கனமான மரப்பெட்டியும் அடிச்சட்டமும் சேர்ந்தால் 200 கிலோவை எளிதாக விழுங்கிவிடும், உங்கள் கையிருப்பு அதோடு தீர்ந்தது. இரண்டாவது, இயந்திரத்தின் எடை பெட்டியின் நடுவில் இருக்கும் என்று யார் சொன்னது? மோட்டாரும் கியர்பாக்ஸும் ஒரு ஓரத்தில் இருக்கும், மறு ஓரத்தில் தகரமும் குழாயும் இருக்கும். பெட்டியின் பக்கங்களில் வட்டமும் அதன் குறுக்கே வெட்டும் கோடுகளுமாக ஒரு குறி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது எடை மையத்தைக் காட்டும் குறி. இருந்தால், இரண்டு ஃபோர்க்குகளுக்கும் நடுவில் வர வேண்டியது அந்தக் குறிதான், பெட்டியின் நடு இல்லை. குறி இல்லையென்றால் அனுப்பியவரைக் கேட்க வேண்டும். மூன்றாவது, அந்தப் பக்கத்தில் ஃபோர்க் நுழைய இடைவெளி வேண்டும், பெட்டியின் அடிச்சட்டம் அந்தத் திசையில் தாங்க வேண்டும், 1.8 மீட்டர் அகலத்தோடு உங்கள் வழி விட வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தாலும், மேல்தளம் அந்த எடையைத் தாங்குமா என்று கேட்க மறக்காதீர்கள். தளத்துக்கும் ஒரு வரம்பு எழுதியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் பெரிய வண்டியையோ கிரேனையோ வரச் சொல்வதுதான் வழி.

நீங்கள் கேட்ட எளிய வழியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபோர்க்கின் நீளம் லோடின் ஆழத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். உங்கள் வண்டியோடு வழக்கமாக வரும் ஃபோர்க் 1,070 மி.மீ. இருக்கும். 1.8 மீட்டருக்கு மூன்றில் இரண்டு 1.2 மீட்டர். எந்தக் கணக்கும் போடாமல், அளந்து பார்த்திருந்தால்கூட அந்தப் பக்கம் ஆகாது என்று தெரிந்திருக்கும். “அப்படியானால் ஃபோர்க்குக்கு உறை மாட்டி நீட்டிக்கொள்ளலாமே” என்பார்கள். உறை லோடைத் தாங்கும், ஆனால் சென்டரைக் குறைக்காது. நீளமான லோடுக்குத்தான் உறை தேவைப்படும், நீளமான லோடுக்குத்தான் திறன் குறையும். உறையின் எடையும் அந்தக் குறைந்த திறனிலிருந்தே கழியும். உறையைப் பார்த்ததும் “இப்போது பெரிதாகத் தூக்கலாம்” என்று தோன்றினால் நேர்மாறாக யோசிக்கிறோம் என்று பொருள்.

கூடுதலாக மாட்டும் எதற்கும் இது பொருந்தும். சைடு ஷிஃப்ட்டர், பேப்பர் ரோல் பிடிக்கும் கிளாம்ப், டிரம் பிடிப்பான், சுழற்றும் தலை என எதுவாக இருந்தாலும் தன் எடையை லோடோடு சேர்க்கிறது, லோடையும் முன்னால் தள்ளுகிறது. புதிதாக ஒன்றை மாட்டினால் பிளேட்டும் மாற வேண்டும். மாறவில்லை என்றால் உங்கள் முன்னால் இருப்பது பழைய வண்டியின் பிளேட்.

எடையே தெரியாத லோடு வந்தால்? லேபிள், ரசீது, அனுப்பியவர் என்று கேட்டுப் பார்த்தும் தெரியவில்லை என்றால், கன அளவைக் கொண்டு மதிப்பிடலாம். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ, கான்கிரீட் சுமார் 2,400, அலுமினியம் 2,700, எஃகு 7,850. இரண்டரை மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர், 10 மி.மீ. தடிமன் உள்ள ஒரே ஒரு எஃகுத் தகடு 245 கிலோ. பத்துத் தகடு அடுக்கினால் கட்டு பார்க்க ஒரு சாண் உயரம்கூட இருக்காது, எடை இரண்டரை டன்னை நெருங்கிவிடும். திரவம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கூண்டு வைத்த 1,000 லிட்டர் டேங்க் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தண்ணீர் இருந்தால் டேங்கோடு சேர்த்து ஒரு டன்னுக்குச் சற்று மேல், அடர் கந்தக அமிலம் இருந்தால் 1,900 கிலோவை ஒட்டி வரும். பாதி நிரம்பிய டேங்க் இன்னொரு தினுசு, எடை குறைவு, ஆனால் பிரேக் பிடித்தால் உள்ளே இருப்பது முன்னால் ஓடிவரும். சென்டரும் கூடவே ஓடும்.

பக்கவாட்டில் கவிழ்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டிக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் நிற்பது மூன்று புள்ளியில்தான்: இரண்டு முன் சக்கரங்கள், பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள கீல். அந்த முக்கோணத்துக்குள் மொத்த எடை மையம் இருக்கும்வரை வண்டி நிற்கும். காலி வண்டியில் எடை மையம் பின்னால், முக்கோணத்தின் கூம்பிய முனைப் பக்கம் போய்விடும். அதனால் மாஸ்டை உயர்த்தியபடி வேகமாகத் திரும்பும் காலி வண்டி, லோடு ஏற்றிய வண்டியைவிட எளிதாகப் பக்கவாட்டில் சாயும். திருப்பத்தில் வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபோர்க் தரையிலிருந்து 15, 20 செ.மீ. உயரத்தில், மாஸ்ட் பின்னால் சாய்ந்து இருக்கட்டும். சரிவில் திரும்பாதீர்கள். லோடோடு போகும்போது லோடு எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், அதாவது ஏறும்போது முன்னால், இறங்கும்போது ரிவர்ஸில். அப்படியும் கவிழ ஆரம்பித்துவிட்டால் குதிக்காதீர்கள். சீட் பெல்ட் போட்டபடி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துகொள்ளுங்கள். குதித்தவர்கள் மேல்தான் மேற்கூண்டு விழுகிறது.

பிளேட்டின் எண் நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு. ஃபோர்க் ‘எல்’ எழுத்துபோல மடங்கும் இடத்தில் தடிமனை அளந்து பாருங்கள். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அந்த ஃபோர்க்கின் வலு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். வெல்டிங் போட்டுக் கனமாக்கும் வேலையெல்லாம் வேண்டாம். ஃபோர்க்கின் மேலேயே அதன் வரம்பும் பொறித்திருக்கும். 1500 × 500 என்று இருந்தால் 500 மி.மீ. தூரத்தில் 1,500 கிலோ, ஒரு ஃபோர்க்குக்கு. வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய ஃபோர்க்குகள் எத்தனையோ இடத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன, உங்களுடையதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சூப்பர்வைசரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தச் சங்கடம் தெரிகிறது. “பயமாக இருக்கிறது” என்று பேச்சை ஆரம்பித்தால் அது தைரியத்தைப் பற்றிய விவாதமாகிவிடும். அவரை வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் பிளேட்டைத் துடைத்துக் காட்டுங்கள், டேப்பை அவர் கையில் கொடுத்துப் பெட்டியை அளக்கச் சொல்லுங்கள், 2,400ஐ 500ஆல் பெருக்கி 900ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 1,333 என்ற எண்ணை அவரே பார்க்கட்டும். கூடவே பெட்டியைத் திருப்பி எடுக்கும் யோசனையையும் சொல்லுங்கள். முடியாது என்று மட்டும் சொல்பவரைவிட, இப்படி முடியலாம் என்று சொல்பவரின் பேச்சு எடுபடும். பின் சக்கரம் எழும்பியதையும் எழுத்தில் பதிந்துவையுங்கள். அடுத்த ஷிஃப்டில் அதே பெட்டியைத் தூக்கப் போகும் ஆபரேட்டருக்கு அது தெரிய வேண்டும். பெட்டி இறங்கிய வேகத்தில் செயினுக்கும் மாஸ்டுக்கும் ஏதாவது ஆகியிருக்கிறதா என்று மெக்கானிக் பார்த்த பிறகு வண்டியை எடுங்கள்.

கடைசியாக பேட்டரி. நல்ல கேள்வி, பலர் யோசிக்காதது. எலக்ட்ரிக் வண்டியில் பேட்டரி வெறும் மின்சாரப் பெட்டி இல்லை, கவுண்டர் வெயிட்டின் ஒரு பகுதி. உங்கள் அளவு வண்டியில் ஈய அமில பேட்டரி ஒரு டன்னுக்கு மேலேயே இருக்கும், லித்தியம் அதைவிட வெகுவாக எடை குறைந்தது. அந்தக் குறையை ஈடுகட்டாமல் மாட்டினால் உங்கள் பிளேட்டில் உள்ள ஒரு எண்கூடச் செல்லாது. வண்டியின் பிளேட்டிலேயே பேட்டரிக்குக் குறைந்தபட்ச எடை ஒன்று போட்டிருக்கும். நீங்கள் எழுதி அனுப்பியதில் அந்த வரி இல்லை, தேடிப் பாருங்கள். புதிய பேட்டரி அதைவிட எடை குறைந்தது என்றால், மீதி எடைக்கு எஃகுக் கட்டிகளை பேட்டரி அறைக்குள்ளேயே அசையாதபடி பொருத்தித் தர வேண்டும், அதுவும் வண்டி தயாரித்தவர் ஒப்புக்கொண்ட முறையில். பேட்டரி பொருத்த வருபவரிடம் சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் எத்தனை கிலோ என்று கேளுங்கள்.